ஒரு ஜாணை ஒரு முழமாக்குங்கள்: பழைய பாலங்களைப் பராமரிக்கும் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

பாலங்களைப் பராமரிக்கும் தலைமைப் பொறியாளர்களுக்கும், அவற்றுக்கு நிதி ஒதுக்கிக் கையெழுத்திடும் அதிகாரிகளுக்கும், வணக்கம்.

பாலத்துக்கு அடியில் ஏணி போட்டு ஏறி, டார்ச் அடித்துப் பார்த்துக் குறிப்பு எழுதுவதுதான் பல வருடங்களாக என் வேலை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் ஒரு பாலத்தின் மூன்றாவது தூண் இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. தூண் தலைக்கும், அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கர்டர் என்ற நீள விட்டத்துக்கும் நடுவே இருந்த சந்தில் தலையை நுழைத்துப் பார்த்தேன். ஜாயின்ட் வழியாக ஒழுகிய மண்ணும் ஜல்லியும் புறா எச்சமும் அங்கே மேடாகக் கிடந்தன. கர்டரைத் தாங்கும் பேரிங்கே கண்ணுக்குத் தெரியவில்லை. கையால் வழித்துத் தள்ளிவிட்டு, கர்டரின் முனையிலிருந்து தூண் தலையின் விளிம்பு வரைக்கும் டேப் பிடித்தேன். 22 செ.மீ. விளிம்பில் மெல்லிய விரிசல் ஓடியிருந்தது. சுத்தியலால் தட்டினால் உள்ளே பொள்ளலாக இருப்பது போலச் சத்தம். இன்னும் இரண்டு தட்டு தட்டியதும் 5 செ.மீ. கனத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து கையோடு வந்துவிட்டது. மிச்சம் 17. அந்த நேரம் பார்த்து மேலே ஒரு லாரி போனது. கர்டர் லேசாக முனகியது, தூசி கண்ணில் விழுந்தது.

நான் நிரப்ப வேண்டிய படிவத்தில் பேரிங்கின் நிலை, விரிசல், துரு, வண்ணம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. இந்த 22 செ.மீ.யை எழுத ஒரு கட்டம் இல்லை. ‘குறிப்புகள்’ என்ற இடத்தில் எழுதிக் கொடுத்தேன். யாரும் அதைப் பற்றித் திரும்பக் கேட்கவில்லை. இந்த மடல், கர்டர் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு ஜாண் இடத்தைப் பற்றியது.

பூகம்பத்தில் பாலம் விழுந்தது என்று கேட்டால், கர்டர் நடுவில் முறிந்து விழுந்ததாகத்தான் பலரும் நினைத்துக்கொள்கிறார்கள். நிதி அதிகாரிகள் பலரும் அப்படி நினைப்பதைப் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் நடப்பது வேறு. கர்டர் முழுசாக, விரிசல்கூட இல்லாமல், உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. கர்டர் பாலம் என்பது தூண்களின் தலையில் எடுத்து வைத்த விட்டங்கள்தான். வெயிலுக்கு நீளவும் குளிருக்குச் சுருங்கவும் இடம் வேண்டும் என்பதால் ஒரு முனையை வேண்டுமென்றே கட்டாமல் விடுகிறோம். 40 மீட்டர் கர்டர் 30 டிகிரி வெப்ப மாற்றத்துக்கு ஏறக்குறைய ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். அந்த ஒன்றரை சென்டிமீட்டருக்காகக் கொடுத்த சுதந்திரத்தை, பூகம்பம் வரும்போது பல பத்து சென்டிமீட்டருக்கு எடுத்துக்கொள்கிறது.

“அவ்வளவு கனமான கர்டர் எங்கே நகரப்போகிறது?” என்று கூட்டங்களில் கேட்பார்கள். நல்ல கேள்விதான். நானும் ஆரம்பத்தில் அப்படித்தான் நம்பினேன். ஆனால் கர்டர் எவ்வளவு கனமோ, பூகம்பம் அதன் மேல் காட்டும் பக்கவாட்டு விசையும் அதே விகிதத்தில் கூடும். உராய்வு எடையைப் பொறுத்தது, தள்ளும் விசையும் எடையைப் பொறுத்தது. ஆகவே கனம் காப்பாற்றாது. போதாததற்கு, உராய்வு குறைவாக இருக்க வேண்டும் என்றுதான் அங்கே உருளையோ வழுக்குத் தகடோ வைத்திருக்கிறோம். இரண்டு தூண்களும் சேர்ந்தாற்போல் ஆடுவதும் கிடையாது. ஒன்று உயரம், ஒன்று குட்டை. ஒன்றின் அடியில் பாறை, இன்னொன்றின் அடியில் வண்டல். ஒரு தூண் 10 செ.மீ. இந்தப் பக்கம் சாயும்போது அடுத்தது 10 செ.மீ. அந்தப் பக்கம் சாய்ந்தால் 20 செ.மீ. போய்விட்டது. நான் அளந்த இடத்தில் அதற்கு மேல் எதுவும் மிச்சம் இல்லை.

இது அறுபது வருடமாக உலகத்துக்குத் தெரிந்த விஷயம். 1964 ஜூன் 16 அன்று ஜப்பானின் நீகாட்டாவில் பூகம்பம் வந்தபோது ஷோவா பாலம் கட்டி முடித்துச் சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. ஆற்றுப்படுகை மணல் குழம்பாகி, குழாய்த் தூண்கள் வளைந்து, ஐந்து கர்டர்கள் வரிசையாகத் தண்ணீரில் சரிந்தன. புதுப் பாலம் என்பதால் தப்பித்துவிடும் என்று நினைப்பவர்கள் அந்தப் பழைய புகைப்படத்தை ஒரு தடவை தேடிப் பாருங்கள். ஒரு முனை ஆற்றுக்குள்ளும் மறு முனை தூண் மேலுமாகக் கர்டர்கள் சாய்ந்து கிடக்கும்.

அப்புறம் கலிபோர்னியா. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் நமக்கு வேண்டிய பாடம் முழுக்க ஒரே சாலைச் சந்திப்பில் இருக்கிறது. 1971 பிப்ரவரி 9 அன்று சான் ஃபெர்னாண்டோ பூகம்பம். லாஸ் ஏஞ்சலிஸுக்கு வடக்கே, 5ஆம் எண் நெடுஞ்சாலையும் 14ஆம் எண் நெடுஞ்சாலையும் சேரும் இடத்தில் கட்டிக்கொண்டிருந்த மேம்பாலத்தின் பகுதிகள் விழுந்தன. இணைப்புகளில் உட்காரும் இடம் குறுகல், கர்டரைக் கட்டிவைக்க எதுவும் இல்லை. அந்த மாநிலத்தின் நெடுஞ்சாலைத் துறை விழித்துக்கொண்டு, அடுத்து வந்த வருடங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாலங்களில் கர்டர்களை எஃகு வடங்களால் ஒன்றோடொன்று கட்டியது. நல்ல காரியம். அன்றைக்கு அதை முதலில் செய்ததில் தவறே இல்லை. ஆனால் தூண்களுக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை.

1994 ஜனவரி 17, அதிகாலை 4:31. நார்த்ரிட்ஜ் பூகம்பம். அதே சந்திப்பு மறுபடி விழுந்தது. 1971க்கு முன்பே வரைபடம் போட்டு, பிறகு கட்டி முடித்த பகுதிகள் அவை. இந்தத் தடவை முதலில் போனது தூண். வரிசையிலேயே குட்டையான தூண் அதிக விசையை இழுத்துக்கொண்டு நொறுங்கியது. தூண் போனதும் பாலம் இணைப்பிலிருந்து நழுவியது. பூகம்பம் அடங்கிய சற்று நேரத்தில், வேலைக்குக் கிளம்பிய ஒரு காவலர் மோட்டார் சைக்கிளில் அந்தப் பாலத்தில் ஏறினார். இருட்டு. முன்னால் பாலம் இல்லை என்பது அவருக்குத் தெரியவில்லை. அந்தச் சந்திப்பு இன்று அவருடைய பெயரில் இருக்கிறது.

அதே காலையில், அங்கிருந்து வடக்கே கேவின் கேன்யன் என்ற இடத்தில் இன்னொரு பாலம் விழுந்தது. அதில் வடம் கட்டியிருந்தார்கள். இருந்தும் விழுந்தது. பாலம் பள்ளத்தைக் குறுக்காக வெட்டாமல் மிகவும் சாய்வாகப் போனது. அப்படிப்பட்ட பாலம் நேராக மட்டும் ஆடாது, தட்டாமாலை போலச் சுற்றவும் பார்க்கும். கூர்மையான மூலை முதலில் விளிம்பைத் தாண்டும். அங்கே கர்டர் உட்கார்ந்திருந்த நீளம் ஏறக்குறைய 20 செ.மீ. மறுபடியும் அதே ஒரு ஜாண். இதைப் படித்த நாளிலிருந்து “வடம் கட்டியாச்சு, போதும்” என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடிந்ததில்லை.

1971க்கும் 1994க்கும் நடுவில், 1989 அக்டோபர் 17 அன்று லோமா பிரியேட்டா பூகம்பத்தில், சான் ஃபிரான்சிஸ்கோவின் விரிகுடாப் பாலத்தில் மேல்தளத்தின் 15 மீட்டர் துண்டு கீழ்த்தளத்தின் மேல் விழுந்து ஒருவர் இறந்தார். போல்ட்டுகள் அறுந்தன, ஒரு ஜாணுக்கும் குறைவான இருக்கையிலிருந்து தளம் நழுவியது. அவ்வளவு பெரிய பாலம், அந்த அற்ப இடத்தால் ஒரு மாதம் மூடிக் கிடந்தது. அதே நாளில் ஓக்லாந்தில் இரட்டைத் தள சைப்ரஸ் மேம்பாலம் சரிந்து 42 பேர் இறந்தார்கள். அது தூண் இணைப்புகள் உடைந்ததால் நேர்ந்தது.

நார்த்ரிட்ஜுக்குச் சரியாக ஒரு வருடம் கழித்து, 1995 ஜனவரி 17 அன்று ஜப்பானின் கோபேயில் பூகம்பம். ஹான்ஷின் விரைவுச்சாலை 635 மீட்டர் நீளத்துக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தது. நிஷினோமியா துறைமுகப் பாலத்தில் 52 மீட்டர் கர்டர் ஒன்று அப்படியே இறங்கிவிட்டது. ஷின்கான்சென் என்ற அதிவேக ரயில் பாதையின் மேம்பாலங்களும் பல இடங்களில் விழுந்தன. பூகம்பம் வந்தது காலை 5:46க்கு. அந்தப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கும் நேரம் 6 மணி. அந்தப் பதினாலு நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் உடம்பு நடுங்குகிறது.

2001 ஜனவரி 26 அன்று குஜராத் பூகம்பத்தில் சூரஜ்பாரி பாலம் விழவில்லை. ஆனால் பேரிங்குகள் சிதைந்து, கர்டர்கள் பக்கவாட்டில் நகர்ந்திருந்தன. 2010இல் சிலியில் 8.8 அளவுப் பூகம்பத்தில் விழுந்த மேம்பாலங்கள் பல, ஒப்பீட்டளவில் புதியவை. கர்டர்களைக் குறுக்கே பிணைக்கும் டயாஃப்ராம் விட்டங்களை விட்டுவிட்டுக் கட்டியவை, பக்கத் தடுப்பும் பலவீனம். அவற்றுக்கு அருகிலேயே, டயாஃப்ராம் இருந்த பழைய பாலங்கள் நின்றன. செலவைக் குறைக்கிறோம் என்று வரைபடத்திலிருந்து ஒரு உறுப்பை அடிக்கும் பேனாவைப் பிடித்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்? முதலில் உட்காரும் இடத்தை நீட்டுங்கள். தூண் தலையின் பக்கத்தில் துளை போட்டு, கம்பி நட்டு, காங்கிரீட் புடைப்போ எஃகுத் தாங்கு பலகையோ சேர்த்தால் ஜாண் முழமாகும். ஜப்பானியர் விதியில் அடிப்படை 70 செ.மீ., அதற்கு மேல் கண்ணின், அதாவது இரண்டு தூண்களுக்கு நடுவே உள்ள பகுதியின், நீளத்தில் மீட்டருக்கு அரை சென்டிமீட்டர். 40 மீட்டர் கண்ணுக்கு 90 செ.மீ., அதாவது இரண்டு முழம். அமெரிக்க விதியின் பழைய வாய்பாட்டில் அதே கண்ணுக்கு, 10 மீட்டர் தூண் என்றால், இடத்தின் பூகம்ப அபாயத்தைப் பொறுத்து ஒன்றரை ஜாணிலிருந்து இரண்டு ஜாணுக்குச் சற்று மேல் வரைதான் வரும், சாய்வுப் பாலத்துக்குக் கொஞ்சம் கூடும். எந்த விதியைப் பின்பற்றுவது என்று நீங்கள் வருடக்கணக்கில் விவாதிக்கலாம். 17 செ.மீ. இரண்டிலும் தேறாது.

அடுத்தது கட்டிவைப்பது. எஃகு வடமோ கம்பியோ போட்டு கர்டரைத் தூணோடும், பக்கத்துக் கர்டரோடும் பிணைப்பது. இதில் நான் பார்த்த தவறுகளைச் சொல்லியாக வேண்டும். வெயில் நீட்சிக்கு இடம் விடாமல் வடத்தை வீணைத் தந்தி போல முறுக்கிவிடுவார்கள், ஒரு கோடைக்குள் நங்கூரத் தகட்டைச் சுற்றி விரிசல் வந்துவிடும். இன்னும் மோசம், வடத்தை மெல்லிய டயாஃப்ராம் சுவரில் கோத்துவிடுவது. பூகம்பத்தில் வடம் அறாது, சுவரைப் பொத்துக்கொண்டு வெளியே வந்துவிடும். கட்டுகிற இடத்தை முதலில் பலப்படுத்திவிட்டு வடத்தைக் கட்டுங்கள். 2016இல் ஜப்பானின் குமமோட்டோ பூகம்பத்தில் ஓகிரிஹாட்டா பாலத்தில் ரப்பர் பேரிங்குகள் கிழிந்து, பாலமே பக்கவாட்டில் நகர்ந்துவிட்டது. ஆனாலும் அது பள்ளத்தில் விழவில்லை. விழாமல் பிடிக்க வைத்திருந்த வடங்கள் தம் வேலையைச் செய்தன.

பக்கவாட்டில் நகராமல் இருக்கத் தூண் தலையில் தடுப்புக் கட்டைகள் வேண்டும். வரும் விசைக்குக் கணக்குப் போட்டு, கம்பியை ஒழுங்காகக் கட்டியிருக்க வேண்டும்.

தூண்களைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கலிபோர்னியாவில் 1971க்கு முந்தைய தூண்களில், தூண் எவ்வளவு பருமனாக இருந்தாலும், நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கை அரை அங்குலக் கம்பியில் அடிக்கு ஒன்று என்றுதான் போட்டிருந்தார்கள். அந்தக் காலத்துப் பாலங்கள் எந்த நாட்டில் இருந்தாலும் ரிங் இடைவெளியைச் சோதிக்காமல் நம்பாதீர்கள். தூண் ஆடும்போது உள்ளே இருக்கும் காங்கிரீட் பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கும். அதை இறுக்கிப் பிடித்துக்கொள்வது ரிங்தான். ரிங் போதவில்லை என்றால் நெடுக்குக் கம்பிகள் கூண்டு போல வெளியே வளைந்து, காங்கிரீட் பொடியாகக் கொட்டிவிடும். அந்தத் தூணை இடித்துக் கட்ட வேண்டியதில்லை. வெளியே எஃகு உறை மாட்டி, நடுவில் கலவை நிரப்பினால் போதும். நைஜல் பிரீஸ்ட்லியும் ஃப்ரீடர் சைபிளும் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகத்தில் தூண்களை ஆட்டி ஆட்டிச் சோதித்துக் காட்டிய முறை இது. நார்த்ரிட்ஜில் அப்படி உறை போட்ட தூண்களுக்குப் பெரிய சேதம் வரவில்லை. உறை போடாதவை எப்படி நொறுங்கின என்பதற்கு சாண்டா மோனிகா நெடுஞ்சாலையின் தூண்களே சாட்சி.

பேரிங்கை மாற்றும் வாய்ப்பு வந்தால், ஈயக் குச்சியை நடுவில் வைத்த ரப்பர் பேரிங்கைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். 1970களில் நியூசிலாந்தில் பில் ராபின்சன் உருவாக்கியது. ரப்பர் அசைய விடும், ஈயம் நசுங்கி நசுங்கி ஆட்டத்தின் வேகத்தைத் தின்றுவிடும். ஆட்டம் நின்றதும் ரப்பர் பாலத்தைப் பழைய இடத்துக்கு இழுத்துவரப் பார்க்கும். எல்லாப் பாலத்துக்கும் பொருந்தாது. சேற்று மண்ணில் நிற்கும் பாலத்துக்கு அது ஆட்டத்தைக் கூட்டவும் கூடும் என்பதால் கணக்குப் போட்டுத்தான் வைக்க வேண்டும்.

பணம் எங்கே என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் உங்கள் துறைகளே திரும்பத் திரும்பச் செய்யும் ஒரு வேலையைச் சொல்கிறேன். பேரிங் தேய்ந்துவிட்டது என்று ஜாக்கி வைத்துக் கர்டரைத் தூக்குகிறீர்கள். சாரம் கட்டியாகிவிட்டது, போக்குவரத்தைத் திருப்பியாகிவிட்டது, ஆட்கள் தூண் தலையில் நிற்கிறார்கள். புது பேரிங்கை வைத்து, கர்டரை இறக்கிவிட்டு, சாரத்தைப் பிரித்துக்கொண்டு வந்துவிடுகிறீர்கள். உட்காரும் இடம் அதே 22 செ.மீ. அதே சாரத்தில் நின்று இருக்கையை நீட்டி, தடுப்புக் கட்டையை வார்த்து, வடத்துக்கான நங்கூரத்தைப் பதித்திருக்கலாம். பாலத்தின் அடியில் போய்ச் சேர்வதற்குத்தான் பாதிச் செலவு என்பது களத்தில் நின்ற எவருக்கும் தெரியும். அந்தச் செலவை ஏற்கெனவே செய்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு திரும்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காமல் சொல்லியிருக்கிறேன். “டெண்டரில் இல்லை” என்பதுதான் பதில். அடுத்த டெண்டரில் சேருங்கள்.

எல்லாப் பாலத்தையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மருத்துவமனைக்குப் போகிற ஒரே வழி எந்தப் பாலத்தின் மேல் இருக்கிறதோ, அதில் தொடங்குங்கள். ஆம்புலன்சும் தீயணைப்பு வண்டியும் தண்ணீர் லாரியும் அன்றைக்கு அந்தப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். அதற்கு அடுத்து, பரபரப்பான சாலைக்கும் ரயில் பாதைக்கும் மேலே போகிறவை. சாய்வாகவும் வளைவாகவும் கட்டியவை, உயரம் மாறி மாறித் தூண் உள்ளவை, தளர்ந்த மணலில் நிற்பவை ஆகியவற்றை வரிசையில் மேலே ஏற்றுங்கள். போக்குவரத்து எண்ணிக்கையை மட்டும் வைத்து வரிசை போட்டால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தனித்துவிடப்படும் ஊர்கள் எப்போதும் கடைசியில்தான் நிற்கும்.

பூகம்பம் அடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் எந்தப் பாலத்துக்கு யார் ஓடிப்போய்ப் பார்ப்பது, யார் தடுப்பு வைத்து வண்டியை நிறுத்துவது என்று பெயர் போட்ட பட்டியல் உங்கள் அலுவலகத்தில் இருக்கிறதா? இல்லை என்றால் அதற்கு நிதி ஒதுக்கீடு எதுவும் தேவையில்லை. ஒரு மதியம் உட்கார்ந்தால் எழுதிவிடலாம். இருட்டில் மோட்டார் சைக்கிளில் போன அந்தக் காவலரை நினைத்துக்கொண்டு எழுதுங்கள்.

நான் உடனே கேட்பது இதுதான். ஆய்வுப் படிவத்தில் ஒரு கட்டம் சேருங்கள். ஒவ்வொரு தூணிலும் கர்டர் உட்கார்ந்திருக்கும் நீளம், பெயர்ந்த விளிம்பைக் கழித்து, சென்டிமீட்டரில். அளப்பதற்கு முன் சந்தைச் சுத்தம் செய்யச் சொல்லுங்கள், மண்மேட்டின் மேல் டேப் வைத்தால் பொய் அளவுதான் வரும். அளந்ததை அலமாரியில் வைக்காமல் பாலத்தின் பெயரோடு வெளியிடுங்கள். கீழே விழக்கூடியது எது என்று அதன் மேல் தினமும் போகிறவர்களுக்குத் தெரியட்டும்.

என்னுடைய மூன்றாவது தூணின் அளவு உங்கள் கோப்பு ஒன்றில், ‘குறிப்புகள்’ என்ற தலைப்பின் கீழ், என் கையெழுத்தில் இருக்கிறது. 22, அடித்துவிட்டு 17. அந்தப் பாலத்தில் இன்றும் பேருந்து போகிறது. முதலில் அதை எடுங்கள்.

இப்படிக்கு,
பாலத்துக்கு அடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஓர் ஆய்வாளர்